பொது இடங்களில் புகைத்தடை: யாருக்கு நலம், எவ்வாறு நலம்?

கர்நாடக மாநிலத்தின் தென்கோடியில், கொல்லேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஹனூர். 1956 ஆம் ஆண்டு வரை கோயமுத்தூர் மாவட்டத்தின் கொல்லேகால் தாலுகாவில் அடங்கியிருந்த இப்பகுதி, மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்துடன் சேர்க்கப்பட்டது. 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், அதன் பின்னர் சாமராஜநகர் மாவட்டத்திலும் இருந்து வருகிறது. 2017 இல் அறிவிக்கப்பட்ட புதிய தாலுகாக்களுள் இதுவும் ஒன்று. கன்னடமும் தமிழும் ஒருங்கே வழங்கும் இவ்வட்டாரத்தின் வழியாக, அமாவாசை, சிவராத்திரி, தீபாவளி நாட்களில் இரு மாநிலத்து யாத்திரிகர்களும் திரளாகச் செல்கின்றனர். மலையைக் கடந்து பாலாறு வழியே இறங்கினால் மேட்டூரை அடையலாம்.

இச்சாலையில் செல்லும் பேருந்தில் ஒருவர் பீடி பற்ற வைத்தால், கர்நாடக எல்லைக்குள் அவருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பாலாற்றுக்கு அப்பால், அதே குற்றத்திற்கு மைய அரசின் சட்டப்படி 200 ரூபாய் வரைதான் அபராதம். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் அபராதத் தொகை மாறுகிறது. புகை செய்யும் தீங்கு மாறுவதில்லை. அவ்வாறாயின், பொது இடங்களில் புகைத்தடையின் பயன் அபராதத் தொகையைப் பொறுத்ததா, அல்லது வேறொன்றைப் பொறுத்ததா என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்று ஒரு கருத்து உண்டு. ஒருவர் தம் விருப்பப்படி செய்யும் செயலின் செலவு, அச்செயலில் எவ்விதத் தொடர்பும் இல்லாத மற்றொருவர் மீது விழுவதையே அச்சொல் குறிக்கிறது. ஆலைக் கழிவு ஆற்றில் கலந்து கீழ்ப்பாசன உழவரைப் பாதிப்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் உதாரணம். பொது இடத்தில் புகைப்பதும் இத்தகையதே. பீடியின் விலையைப் புகைப்பவர் தருகிறார். அதன் புகைக்குரிய விலையை அருகில் நிற்பவரும் சேர்ந்து தருகிறார். புகைத்தடைச் சட்டம் புகைப்பவரைத் திருத்துவதற்காக இயற்றப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அது முதன்மையாகப் புகைக்காதவரின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட சட்டமாகும்.

புகையின் இரு கூறுகள்

எரியும் சிகரெட்டிலிருந்தோ பீடியிலிருந்தோ எழும் புகையை இருவகையாகப் பிரிக்கலாம். புகைப்பவர் உள்ளிழுத்து வெளிவிடுவது ஒன்று. இழுப்புகளுக்கு இடையில் எரியும் முனையிலிருந்து தானே எழுவது மற்றொன்று. மூடிய அறையில் பிறர் சுவாசிக்கும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வெப்பம் குறைந்த நிலையில் அரைகுறையாக எரிவதால் உண்டாகும் இப்புகையில் சில நச்சுப் பொருள்கள், புகைப்பவர் உள்ளிழுக்கும் புகையில் உள்ளதைக் காட்டிலும் அதிக அளவில் காணப்படுகின்றன. புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதும், அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்க வல்லவை என்பதும் கண்டறியப்பட்டுள்ளன.

இப்புகையைச் சுவாசிக்கும் புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் வரை மிகுகிறது. இதய நோய் ஏற்படும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் வரை மிகுகிறது. குழந்தைகளுக்கு ஆஸ்துமாவின் கடுமை கூடுகிறது. மூச்சுக்குழல் நோய்களும் காதுநோயும் அடிக்கடி வருகின்றன. கருவுற்ற பெண்கள் இப்புகைக்கு ஆளானால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு உண்டு.

இங்கு மாணவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். புற்றுநோய் பல ஆண்டுகளில் உருவாவது. ஆனால் இதயத்தின் மீது புகையின் விளைவு உடனடியானது. சிறிதளவு புகையே இரத்தத்தின் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டும் இயல்புடையனவாக்குகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் விரிந்து கொடுக்கும் திறனைக் குறைக்கிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ள ஒருவருக்கு இதுவே மாரடைப்பைத் தூண்டப் போதுமானதாகும். ஆகவே, புகை நீங்கினால் புற்றுநோய் குறைவதைக் காணப் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டும். மாரடைப்புக் குறைவதைச் சில மாதங்களிலேயே காண இயலும். புகைத்தடையின் பயனை அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் மாரடைப்பைக் கணக்கிட்டதற்குக் காரணம் இதுவே.

அறிவு வளர்ந்த வரலாறு

1950 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இரு அறிஞர்கள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1964 இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை இதனை உறுதி செய்தது. அதுவரை பேசப்பட்டதெல்லாம் புகைப்பவரின் உடல்நலம் பற்றியதே.

1981 இல் ஜப்பானிய ஆய்வறிஞர் தகேஷி ஹிரயாமா வெளியிட்ட ஆய்வு இந்நோக்கை மாற்றியது. தாம் புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அவ்வாய்வில், கணவர் புகைக்கும் அளவு கூடக் கூட, மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் நேரும் மரணமும் கூடுவது தெரிய வந்தது. சிகரெட் தொழிலின் சார்பில் கடுமையான மறுப்புகள் எழுந்தன. ஆயினும், பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அம்முடிவையே வலியுறுத்தின. 1986 இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி, பிறர் விடும் புகை புகைக்காதவருக்கு நோய் தரும் என்று அறிவித்தார். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பிறர் விடும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானது என்ற முதல் வகையில் சேர்த்தது.

இவ்வாறு, முப்பதாண்டுக் காலத்தில் 'புகைப்பது அவரவர் சொந்த விஷயம்' என்ற வாதத்தின் அடிப்படை அகன்றது. சட்டம் வருவதற்கு அறிவியல் வழி வகுத்தது எனலாம்.

சட்டம் வந்த வழி

உடன் இருப்பவரின் இசைவு என்ற கருத்து நம் நாட்டுச் சட்டத்திற்குப் புதியதன்று. 1890 ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், உடன் பயணம் செய்வோரின் இசைவின்றிப் பெட்டியில் புகைப்பவருக்கு 20 ரூபாய் வரை அபராதம் விதித்தது. ஆனால் அன்று அது நாகரிகம் பற்றிய விதியாகவே கருதப்பட்டது. உடல்நலம் பற்றியதாக அன்று. மேலும், எதிர்ப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு பாதிக்கப்பட்ட பயணியின் மீதே விழுந்தது. முன்பின் அறியாத ஒருவரை, அதிலும் வயதில் மூத்தவரை, 'புகைக்காதீர்கள்' என்று சொல்ல நம் சமூகத்தில் எத்தனை பேர் துணிவர்?

1996 இல் டில்லியும், 1997 இல் கோவாவும் பொது இடங்களில் புகைப்பதற்கு எதிராகச் சட்டம் இயற்றின. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.ஆர். லட்சுமணன், நாராயண குருப் ஆகியோர் வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். பொது இடத்தில் புகைப்பது, அரசியல் சட்டத்தின் 21 ஆவது பிரிவு உறுதி செய்யும் உயிர்வாழும் உரிமைக்கு முரணானது என்று அத்தீர்ப்பு கூறியது. 2001 நவம்பர் 2 ஆம் நாள், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே நெறியைப் பின்பற்றியது. திரையரங்கக் கூடங்கள், மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள், ரயில் உள்ளிட்ட பொது வாகனங்கள் ஆகியவற்றில் புகைப்பதை நாடு முழுவதும் அது தடை செய்தது.

அதன்பின் 2003 இல் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் 4 ஆவது பிரிவு பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. புகையிலைக் கட்டுப்பாடு குறித்த உலக உடன்படிக்கையை இந்தியா 2004 இல் ஏற்றது. அவ்வுடன்படிக்கையின் 8 ஆவது விதி, பிறர் விடும் புகையிலிருந்து மக்களைக் காப்பது அரசுகளின் கடமை என்கிறது.

ஆயினும், சட்டத்திற்கு உயிர் கொடுத்தவை 2008 அக்டோபர் 2 ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, நடைமுறைக்கு வந்த விதிகளே. அவை மூன்று வகையில் முக்கியமானவை. முதலாவதாக, பணியிடங்கள், உணவகங்கள், தேநீர்க் கடைகள் போன்ற சிற்றுண்டி நிலையங்கள், பேருந்து நிறுத்தங்கள், வணிக வளாகங்கள் ஆகியன பொது இடங்கள் என்று விரிவாக வரையறுக்கப்பட்டன. இரண்டாவதாக, ஒவ்வோர் இடத்திற்கும் அதன் உரிமையாளரோ மேலாளரோ பொறுப்பாளர் ஆக்கப்பட்டார். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அறிவிப்புப் பலகையை அவர் வைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் ஆகியவற்றைத் தரலாகாது. அவருடைய இடத்தில் பிறர் புகைப்பதை அவர் தடுக்கத் தவறினால், அக்குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஈடான அபராதம் அவர் மீதும் விழும். மூன்றாவதாக, காவல் துறையினர் மட்டுமன்றி, தலைமை ஆசிரியர், அஞ்சல் நிலையத் தலைவர், ரயில் நிலையத் தலைவர், மருத்துவமனை நிர்வாகி போன்றோரும் தத்தம் எல்லைக்குள் அபராதம் விதிக்க அதிகாரம் பெற்றனர்.

1890 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அன்று, தடுக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் மீது இருந்தது. இன்று அது இடத்தின் பொறுப்பாளர் மீது வைக்கப்பட்டுள்ளது. இதுவே இத்துறையில் நடந்த உண்மையான மாற்றமாகும்.

கர்நாடகம் 2024 இல் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அத்திருத்தம், அபராத வரம்பை 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. புகையிலைப் பொருள் வாங்குவதற்கான வயதை 18 இலிருந்து 21 ஆக்கியது. ஹூக்கா விடுதிகளையும் தடை செய்தது.

தடையின் பயன்: எண்கள் கூறுவன

புகைத்தடை உடல்நலத்தை உண்மையில் மேம்படுத்துகிறதா? இதற்குப் பிற நாடுகளில் கிடைத்த மூன்று அளவீடுகளை எடுத்துக் கொள்வோம். மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவை. ஆனால் மூன்றின் எண்களும் வேறு வேறு. அவ்வேறுபாட்டைப் புரிந்து கொள்வது மாணவர்களுக்கு நல்ல பயிற்சியாகும்.

முதலாவது, அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஹெலீனா என்னும் சிற்றூரில் நடந்தது. 2002 இல் அங்கு ஆறு மாத காலம் புகைத்தடை நடைமுறையில் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் அதே ஆறு மாதங்களில் சராசரியாக 40 பேர் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தடை இருந்த ஆறு மாதங்களில் அந்த எண்ணிக்கை 24 ஆகக் குறைந்தது. தடை நீக்கப்பட்டதும் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது. இது நூற்றுக்கு 40 என்ற வீழ்ச்சி.

இரண்டாவது, ஸ்காட்லாந்து. அங்கு 2006 மார்ச் 26 முதல் மூடிய பொது இடங்கள் அனைத்திலும் புகைத்தடை வந்தது. ஒன்பது மருத்துவமனைகளில் தடைக்கு முன் பத்து மாதங்களும், பின் பத்து மாதங்களும் ஒப்பிடப்பட்டன. கடும் இதயத் தாக்கத்தால் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை 17 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில், இன்னும் தடை வராத இங்கிலாந்தில் ஏற்பட்ட குறைவு 4 சதவீதமே. சேர்க்கப்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்து அவர்கள் புகைப்பவரா இல்லையா என்பதும் அறியப்பட்டது. ஒருபோதும் புகைக்காதவரிடையே 21 சதவீதமும், புகைப்பவரிடையே 14 சதவீதமும் குறைவு காணப்பட்டது. தடுக்கப்பட்ட நோய்களில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவருக்கு வரவிருந்தவை. தடையின் பயன் முதலில் யாருக்குச் சேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

மூன்றாவது, இங்கிலாந்து. அங்கு 2007 ஜூலை 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் உள்ள மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு, முன்பே குறைந்து வந்த போக்கையும் கழித்துப் பார்த்ததில், தடையால் ஏற்பட்ட மாரடைப்புக் குறைவு 2.4 சதவீதம் மட்டுமே.

40, 17, 2.4 என்ற இம்மூன்று எண்களில் எதை நம்புவது? சிறிய ஊரில் எண்ணிக்கை குறைவாக இருப்பதால், தற்செயலான ஏற்ற இறக்கமே பெரிய சதவீதமாகத் தோன்றக்கூடும். ஆகவே 40 சதவீதம் என்பதை அப்படியே பிற இடங்களுக்குப் பொருத்தலாகாது. மறுபுறம், இங்கிலாந்தில் சட்டம் வருமுன்பே பல பணியிடங்கள் தாமாகவே புகையை விலக்கியிருந்தன. எனவே சட்டத்தால் புதிதாகக் கிடைத்த பயன் குறைவாகத் தோன்றியது. அந்த 2.4 சதவீதமும் முதலாண்டில் ஏறத்தாழ 1,200 அவசரச் சேர்க்கைகளைத் தவிர்த்தது என்பதை மறத்தல் கூடாது. ஆக, குறைவின் அளவு இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. அதன் திசை மூன்றிலும் ஒன்றே. முன்பு புகை எவ்வளவு மிகுதியாக இருந்ததோ, அதற்கேற்பத் தடையின் பயனும் மிகுதியாகும் என்பதே இவற்றிலிருந்து பெறப்படும் பொது விதி.

குழந்தைகள் நிலையில் பயன் மேலும் தெளிவு. ஸ்காட்லாந்தில் தடைக்கு முன் ஆஸ்துமாவுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் உயர்ந்து வந்தது. தடைக்குப் பின் அது ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற வீதத்தில் குறைந்தது. 2014 இல் வெளியான, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு ஒன்று, புகைத்தடைச் சட்டங்களை ஒட்டிக் குறைப்பிரசவமும் குழந்தைகளின் ஆஸ்துமாச் சேர்க்கையும் சுமார் 10 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. குழந்தைகள் மதுக்கூடத்திற்கோ அலுவலகத்திற்கோ செல்வதில்லை. எனினும் அவர்கள் பயன் பெற்றனர். பொது இடத்தில் வந்த கட்டுப்பாடு வீட்டிலும் ஒரு பழக்கமாகப் பரவியதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் வயது வந்தோரின் புகையிலைப் பயன்பாடு குறித்த தேசிய அளவிலான கணக்கெடுப்பு 2009-10 லும், 2016-17 லும் நடத்தப்பட்டது. முதல் கணக்கெடுப்பில் 34.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். இரண்டாவதில் இது 28.6 சதவீதமாகக் குறைந்தது. கர்நாடகத்தில் 28.2 சதவீதம் 22.8 சதவீதமாயிற்று.

புகைக்கு ஆளாவோர் பற்றிய விவரங்கள் நம் பொருளுக்கு மேலும் நேரடியானவை. உணவகங்களில் புகைக்கு ஆளானோர் 11.3 சதவீதத்திலிருந்து 7.4 சதவீதமாகக் குறைந்தனர். வீட்டில் ஆளானோர் 52.3 சதவீதத்திலிருந்து 38.7 சதவீதமாகக் குறைந்தனர். ஆனால் மூடிய பணியிடங்களில் வேலை செய்வோரில் புகைக்கு ஆளானோர் முன்பு 29.9 சதவீதம், பின்பு 30.2 சதவீதம். அதாவது, எந்த முன்னேற்றமும் இல்லை.

இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உணவகத்தில் முதலாளி கல்லாவில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு உரிமமும் உண்டு, அதனை இழக்கும் அச்சமும் உண்டு. வாடிக்கையாளரிடம் 'இங்கு கூடாது' என்று சொல்ல அவருக்குக் காரணமும் உண்டு. வீட்டிற்குச் சட்டம் செல்வதில்லை. ஆனால் அங்கு மனைவியும் குழந்தைகளும் சொல்லும் சொல்லுக்கு வலிமை கூடியுள்ளது. சிறு பட்டறை, மாவு ஆலை, கிடங்கு போன்ற பணியிடங்களில் நிலைமை வேறு. அங்கு புகைப்பவர் பெரும்பாலும் முதலாளியாகவோ மேஸ்திரியாகவோ இருப்பார். அவரைத் தடுக்க வேண்டிய பொறுப்பாளரும் அவரே. கூலிக்கு வேலை செய்பவர் அவரிடம் வாய் திறக்க இயலாது. இடத்திற்குப் பொறுப்பாளர் ஒருவர் உண்மையில் செயல்படும்போது தடை பயன் தருகிறது. பொறுப்பாளரே மீறும் இடத்தில் அது பலகையோடு நின்று விடுகிறது.

நம் நாட்டுக்கே உரிய வேறு இரு கூறுகளையும் குறிப்பிட வேண்டும். முதலாவது பீடி. 2016-17 கணக்கெடுப்பின்படி சிகரெட் புகைப்போர் 4 சதவீதம். பீடி புகைப்போர் 7.7 சதவீதம். பீடி தீங்கற்றது என்ற எண்ணம் கிராமப்புறங்களில் இன்றும் உண்டு. 2008 இல் வெளியான, பிரபாத் ஜா தலைமையிலான விரிவான ஆய்வு, பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளும், பெண்கள் 8 ஆண்டுகளும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளும் வாழ்நாளை இழப்பதாகக் கண்டது. இரண்டாவது, மெல்லும் புகையிலை. நம் மக்களில் 21.4 சதவீதத்தினர் இதனைப் பயன்படுத்துகின்றனர். புகைத்தடை இவர்களைத் தொடுவதில்லை. எனவே புகைத்தடையைப் புகையிலைக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியாகக் கொள்ளலாமேயன்றி, முழுமையாகக் கொள்ளலாகாது.

பொருளாதாரக் கேள்விகள்

புகைத்தடைக்கு எதிராக மூன்று வாதங்கள் கூறப்படுகின்றன. தனிமனித சுதந்திரம் பறிக்கப்படுகிறது என்பது ஒன்று. சட்டம் புகைப்பதைத் தடுக்கவில்லை. பிறர் சுவாசிக்கும் இடத்தில் புகைப்பதையே தடுக்கிறது. ஒருவரின் சுதந்திரம் மற்றவரின் உடல்நலத்தைக் கெடுக்கும் எல்லையில் அரசு தலையிடுவது புதிய கொள்கையன்று.

உணவகத் தொழில் நலியும் என்பது மற்றொன்று. 2003 இல் வெளியான மதிப்பீடு ஒன்று இப்பொருள் பற்றிய 97 ஆய்வுகளைத் தரம் பிரித்துப் பார்த்தது. விற்பனை வரிக் கணக்கு போன்ற புறநிலைச் சான்றுகளைக் கொண்ட தரமான ஆய்வுகளில், தடையால் வருவாய் குறையவில்லை, அல்லது சற்றுக் கூடியது என்பதே முடிவு. நட்டம் ஏற்பட்டதாகக் கூறிய ஆய்வுகள் பெரும்பாலும் உரிமையாளர்களின் எண்ணத்தை மட்டும் கேட்டவை. அவற்றுக்குப் பொருளுதவி சிகரெட் தொழிலிடமிருந்து வந்தது.

மூன்றாவது வாதம் மைசூர் வட்டாரத்திற்கு நெருக்கமானது. ஹுன்சூர், பிரியாபட்டணம், எச்.டி. கோட்டை ஆகிய தாலுகாக்களில் மானாவாரி நிலங்களில் சிகரெட்டுக்கான புகையிலை விரிவாகப் பயிரிடப்படுகிறது. 1976 இல் அமைக்கப்பட்ட புகையிலை வாரியத்தின் ஏல மையங்கள் வழியே அது விற்பனையாகிறது. தடை இவ்வுழவர்களைப் பாதிக்குமே என்று கேட்கலாம். இங்கு விளையும் புகையிலையில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. ஒரு பேருந்து நிலையத்தில் புகைப்பது தடுக்கப்படுவதால் ஏல விலை வீழ்ந்துவிடாது. நீண்ட காலத்தில் உலகெங்கும் தேவை குறைவது உண்மையே. அதற்கான தீர்வு, மாற்றுப் பயிருக்கு விலையும் கடனும் சந்தையும் ஏற்படுத்தித் தருவதில் உள்ளது. பேருந்தில் பிறரைப் புகைக்கு உட்படுத்துவது உழவருக்குச் செய்யும் உதவியாகாது.

செலவுப் பக்கத்தையும் நோக்க வேண்டும். 2017-18 இல் புகையிலையால் ஏற்பட்ட நோய்களும் அகால மரணங்களும் நாட்டிற்கு உண்டாக்கிய இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டுள்ளது. இது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்திற்குச் சற்று மேல். இதில் ஏழைக் குடும்பத்தின் பங்கு எண்ணில் சிறிதாயினும் சுமையில் பெரிது. மாரடைப்பு வந்தவரைக் கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கோ மைசூருக்கோ கொண்டு செல்லும் வாகனச் செலவும், உடன் செல்பவர் இழக்கும் கூலியும் அக்குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தப் போதுமானவை.

தாலுகா அளவில் செய்யத்தக்கவை

2007 ஜூலையில் சண்டிகர் நகரம் புகையற்ற நகரமாக அறிவிக்கப்பட்டது. 2013 இல் இமாசலப் பிரதேசம் புகையற்ற மாநிலமாக அறிவித்துக் கொண்டது. மைய அரசின் அதே 200 ரூபாய் வரம்புதான் அங்கும் இருந்தது. தொகை சிறிதாயினும், நிர்வாகம் முனைந்தபோது சட்டம் நடைமுறையானது என்பதை இவை உணர்த்துகின்றன. ஹனூர் போன்ற தாலுகா தலைநகரில் பணியாற்றும் அலுவலர்கள் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளலாம்.

முதலாவதாக, அரசு அலுவலகங்களிலிருந்து தொடங்குதல். தாலுகா அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஊழியர் புகைத்துக் கொண்டிருக்க, எதிரில் உள்ள தேநீர்க் கடைக்காரருக்கு அபராதம் விதித்தால் மக்கள் சட்டத்தை மதிக்க மாட்டார்கள்.

இரண்டாவதாக, ஒவ்வோர் இடத்திற்கும் பொறுப்பாளர் யார் என்று எழுத்தில் அறிவித்தல். பேருந்து நிலையம், சந்தை, திருமண மண்டபம், கிடங்கு, ஆலை ஆகிய ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். பலகையில் புகார் பெறுபவரின் பெயரும் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. பெரும்பாலான பலகைகளில் அவ்விடம் வெற்றாக விடப்படுகிறது. எல்லை வட்டாரங்களில் பலகையைக் கன்னடத்துடன் தமிழிலும் எழுதுவது பயன் தரும்.

மூன்றாவதாக, சிறு பணியிடங்களில் தொழிலாளர் நல ஆய்வாளர் தம் வழக்கமான பார்வையின்போது இதனையும் கவனித்தல். முதலாளியே மீறும் இடத்தில் வெளியிலிருந்து வரும் அலுவலரால் மட்டுமே தொழிலாளியைக் காக்க இயலும். முன்னர் கண்ட 30 சதவீதம் குறைவதற்கு இதுவே வழி.

நான்காவதாக, கல்வி நிலையங்களைச் சுற்றி நூறு கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்கலாகாது என்ற 6 ஆவது பிரிவையும் இதனுடன் இணைத்துச் செயல்படுத்துதல். இளைஞர் புகைக்கத் தொடங்காவிடில் வருங்காலத்தில் தடைக்கே தேவை குறையும்.

ஐந்தாவதாக, அளவிடுதல். வசூலான அபராதத் தொகையை வெற்றியின் அடையாளமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அபராதம் கூடியது, மீறல் கூடியதன் விளைவாகவும் இருக்கலாம். அதைவிட, மாதம் ஒரு முறை குறித்த சில இடங்களைப் பார்வையிட்டு, புகைப்போர் இருந்தனரா, பீடித் துண்டுகள் கிடந்தனவா என்று குறித்து வைப்பது உண்மை நிலையைக் காட்டும். அரசு மருத்துவமனைப் பதிவேட்டில், இதய நோயுடனும் ஆஸ்துமாவுடனும் வருவோர் பிறர் விடும் புகைக்கு ஆளாகிறார்களா என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால், சில ஆண்டுகளில் நம் வட்டாரத்திற்கே உரிய சான்று கிடைக்கும்.

புகைப்பவரைக் குற்றவாளியாக மட்டும் நோக்குவதும் முறையன்று. நிக்கோட்டின் பழக்கம் ஒருவகை அடிமைத்தனம். 2016-17 கணக்கெடுப்பில் புகைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் விட்டுவிட எண்ணியதாகக் கூறினர். அபராதச் சீட்டுடன், அருகிலுள்ள மருத்துவமனையில் கிடைக்கும் ஆலோசனை பற்றிய குறிப்பையும் தருவதில் செலவு ஏதுமில்லை.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். அபராதத் தொகை தேவையே. 1,000 ரூபாய் என்பது ஒரு நாள் கூலிக்கு மேற்பட்ட தொகையாதலால் அச்சத்தைத் தரும். ஆனால் விதிக்கப்படாத 1,000 ரூபாயைக் காட்டிலும், தவறாது விதிக்கப்படும் 200 ரூபாய் மேலானது. தடையின் வலிமை, ஒவ்வோர் இடத்திற்கும் பொறுப்பேற்பவர் ஒருவர் இருப்பதில் உள்ளது. அதன் பயனில் பெரும்பங்கு, புகைக்காதவருக்கே சேர்கிறது: நடத்துநர், தேநீர்க் கடையில் குவளை கழுவும் பையன், ஆலையில் மூட்டை சுமப்பவர், பேருந்தில் மடியில் குழந்தையுடன் அமர்ந்திருக்கும் தாய் ஆகியோருக்கு. இவர்களுள் எவரும் எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லை. அவர்கள் சார்பில் பேசுவதற்காகவே சட்டம் உள்ளது. அதனைச் செயல்படுத்தும் அலுவலர்கள் இந்நோக்கத்தை மறவாது பணியாற்றுவார்களாயின், மாதேஸ்வரன் மலைச் சாலையில் மட்டுமன்றி, நாடெங்கிலும் அதன் பயன் மருத்துவமனைப் பதிவேடுகளில் தெரிய வரும்.